யானைக்கால் எழுத்து

கணினிக்குள் அதற்கு ஒரு நீளப் பெயர் இருக்கிறது.
மாங்குளம் சந்தியில், எங்கள் கடையில்
யானைக்கால்.
"வருத்தத்தின்ர பேரையா வைச்சனி?" என்று
முதலாளி சசிவர்ணன் ஒருமுறை முகம் சுளித்தார்.
வருத்தமில்லை அண்ணை, கிட்ட வந்து பாருங்கோ:
மேலே தடித்த தூண்,
கீழே நிலம் தொடும் இடத்தில்
ஒரு சின்ன விளிம்பு வெளியே நீளுது.
அது நகம்.

'ர'வுக்கு நகம் பொருந்தும்.
'ட'வுக்குத் தேவையில்லை,
பிறந்ததிலிருந்தே தரையில் காலை நீட்டி இருக்கிறது அது.
'ழ'வுக்கும் யாரோ வைத்துப் பார்த்து
வாலறுந்த பல்லியாக்கி விட்டிருந்தான்.
அந்த ஒன்றை மட்டும் நானே திருத்தினேன்,
இரண்டு மழை இரவுகள்,
மின்சாரம் வந்து வந்து போக.

நூறு யார் தூரத்திலிருந்து பேச வல்லது.
சீமெந்துக் கடை, ரியூசன் வகுப்பு,
உழவு இயந்திர உதிரிப்பாகம்,
இல்ல மெய்வல்லுனர் போட்டி.
முப்பத்தோராம் நாள் அழைப்புக்கு ஆகாது:
சின்ன அளவில் 'ண'வின் சுழிகள் அடைபட்டு
மை குடித்த அட்டைகளாய் உருளும்.
மருந்துக்கடைக்காரர் வற்புறுத்தி ஒருமுறை
குளிசைப் பைக்கு அதையே போட்டுக் கொடுத்தேன்.
'சாப்பாட்டுக்கு முன்' என்பதை
மூன்று என்று வாசித்து
மூன்றையும் விழுங்கிவிட்டார் ஒருவர்.
பிழை எழுத்தினுடையது இல்லை.

தை முடியும் நேரம், அறுவடைக்கு யானை இறங்கும் நேரம்,
கமக்காரர் அமைப்பின் செயலாளர் கிருபைமலர் வந்தா.
கொப்பித் தாளில் பதினேழு வரி:
வேகத்தைக் குறை, ஹோன் அடிக்காதே,
இறங்கி நின்று படம் எடுக்காதே,
பிரதேச செயலகத்தின் தொலைபேசி எண்,
தகரம் அன்பளித்தவரின் தகப்பன் பெயர்.

அக்கா, இது பெருத்த உடம்பு.
பதினேழையும் ஏற்றினால் பெட்டி சேற்றில் புதையும்.
மீன் சந்தை மாதிரிப் பேரம் பேசினோம்.
தகப்பன்தான் கடைசியாக இறங்கினார்.
மிஞ்சியது இரண்டு சொல்:
யானை வரும்.

தம்புள்ளை லொறிகளுக்குச் சிங்களத்திலும் வேண்டும்.
இதே எடையில் ஒன்று தேடினேன்.
ஒன்று மெலிந்து போனால்
ஒரு மொழி கத்துவதும்
மற்றது வாய்க்குள் முணுமுணுப்பதுமாகிவிடும்,
அப்படிப்பட்ட பலகைகள் இந்த வீதியில் கனக்க.
வவுனியாவில் அச்சகம் வைத்திருக்கும் நிமல்
மூன்றாம் நாள் ஒன்று அனுப்பினான்.
வட்டங்களெல்லாம் வயிறு நிறைந்து.
நகம் இல்லை அதற்கு.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்,
இரண்டு வரியும் ஒரே கறுப்பு. போதும்.

மல்லாவி வீதியில், முதிரை மரத்துக்கு அப்பால் நட்டார்கள்.
நாலாம் இரவு
யாரைப் பற்றி எழுதினோமோ
அது வந்து முதுகு தேய்த்துவிட்டுப் போனது.

காலையில் பலகை குப்புறக் கிடந்தது.
புரட்டினோம்.
சேறு. தடித்த மயிர் இரண்டு.
'வரும்' மட்டும் வெளியே தெரிந்தது.
எழுத்தில் ஒரு கீறல் இல்லை.
தூண்கள்தான்
பிடுங்கின மரவள்ளி மாதிரி மண்ணோடு.

ஒட்டு வேலை செய்யும் பொன்ராசா
குந்தியிருந்து கனநேரம் பார்த்தார்.
"கம்பி நேரா மண்ணுக்குள்ள போகுது. கீழ பிடிமானம் இல்லை."
சோக்கட்டி எடுத்துத் தகரத்தின் பின்பக்கம் கீறினார்:
ஒரு தூண்.
அடியில், இரண்டு பக்கமும் தட்டையாக
ஒரு விளிம்பு.

ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்.
போனைத் திறந்து
ஒரு 'ர'வை விரல்களால் பெரிதாக்கி நீட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டு
அதன் காலடியை மட்டும் பார்த்தார்.
"ஓம், இதேதான்" என்றார்.
"எத்தினை மில்லிமீற்றர்?"